ஜூடி கார்லண்ட்: விழித்திருக்க ஒரு மாத்திரை, உறங்க ஒரு மாத்திரை

அமெரிக்கப் பாடகியும் நடிகையுமான ஜூடி கார்லண்ட் 1969ஆம் ஆண்டு ஜூன் மாதம் 22ஆம் தேதி லண்டனில் காலமானார். அப்போது அவருக்கு வயது 47. அளவுக்கு அதிகமாகத் தூக்க மாத்திரைகளை உட்கொண்டதே மரணத்துக்குக் காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. ஆனால், தூக்க மாத்திரைகள் இல்லாமல் உறங்க முடியாத நிலைக்கு அவரைக் கொண்டுவந்தவை, பதின்ம வயது முதல் அவர் உட்கொண்ட ஊக்க மாத்திரைகள் என்பதை அவரது வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் சுட்டிக்காட்டுகின்றனர்.

அந்த ஊக்க மாத்திரைகளின் மூலப்பொருள் ஆம்ஃபெட்டமின். இன்று இலங்கையில் ஐஸ் என்றும் மலேசியாவில் சியாபு என்றும் அழைக்கப்படும் மெத்தாம்ஃபெட்டமின், இதன் நெருங்கிய உறவான இரசாயனம். ஐஸ் இன்று சட்டவிரோத ஆய்வுக்கூடங்களில் தயாரிக்கப்பட்டு, கடத்தல் கும்பல்களின் மூலம் விற்கப்படுகிறது. ஜூடி கார்லண்டின் கதையில் கடத்தல்காரர்கள் எவரும் இல்லை. அவரது மாத்திரைகளை மருத்துவர்கள் எழுதிக்கொடுத்தார்கள். அவை மருந்துக் கடைகளில் வெளிப்படையாக விற்கப்பட்டன. இன்பத்தைத் தேடி அவர் அவற்றை நாடியதாகவும் தெரியவில்லை. வேலை செய்வதற்காகவே அவை அவருக்குத் தரப்பட்டன.

ஊக்கப் பொருட்களுக்கு ஒருவர் எப்படி அடிமையாகிறார், ஏன் அதிலிருந்து எளிதில் மீள முடிவதில்லை, மீள்வதற்கு என்ன தேவை ஆகிய கேள்விகளுக்கு அவரது வாழ்க்கை இன்றும் விடை தருகிறது.

மேடையில் வளர்ந்த சிறுமி

பிரான்செஸ் எத்தெல் கம் என்பது அவரது இயற்பெயர். 1922ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் தேதி, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள கிராண்ட் ராப்பிட்ஸ் என்ற சிறு நகரில் பிறந்தார். பெற்றோர் இருவருமே மேடைக் கலைஞர்கள். அந்த நகரில் ஒரு திரையரங்கையும் நடத்திவந்தனர். மூன்று பெண் பிள்ளைகளில் இவரே கடைக்குட்டி. இரண்டரை வயதில், தந்தையின் திரையரங்க மேடையில் ஒரு கிறிஸ்துமஸ் பாடலைப் பாடியதுதான் அவரது முதல் நிகழ்ச்சி.

1926ஆம் ஆண்டு குடும்பம் கலிஃபோர்னியாவுக்கு இடம்பெயர்ந்தது. தாயார் எத்தெல் தமது மூன்று மகள்களையும் கம் சகோதரிகள் என்ற பெயரில் ஊர் ஊராக அழைத்துச் சென்று நிகழ்ச்சிகளை நடத்தினார். இரவு நிகழ்ச்சிகளுக்காகப் பிள்ளைகள் விழித்திருக்கவும் பின்னர் உறங்கவும் தாயாரே மாத்திரைகளைக் கொடுத்தார் என்று வாழ்க்கை வரலாற்று நூல்கள் சில கூறுகின்றன. பிற்காலத்தில் ஜூடியும் தமது தாயாரைப் பற்றிக் கசப்புடனேயே பேசிவந்தார்.

1934ஆம் ஆண்டு சகோதரிகள் கார்லண்ட் என்ற பெயரைச் சூட்டிக்கொண்டனர். பிரான்செஸ், ஜூடி ஆனார். 1935ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், ஹாலிவுட்டின் மிகப்பெரிய படத்தயாரிப்பு நிறுவனமாக இருந்த மெட்ரோ கோல்ட்வின் மேயர், சுருக்கமாக எம்ஜிஎம், அவரை ஒப்பந்தம் செய்தது. அப்போது அவருக்கு வயது 13. இரண்டே மாதங்களில் தந்தை மூளைக்காய்ச்சலால் உயிரிழந்தார். 

நிறுவனத்தின் கண்காணிப்பில்

அக்காலத்தில் ஹாலிவுட் நிறுவனங்கள் நடிகர்களை மாதக்கணக்கில் அல்ல, ஆண்டுக்கணக்கில் தம்வசம் வைத்திருந்தன. எந்தப் படத்தில் நடிப்பது, பத்திரிகையாளர்களிடம் என்ன பேசுவது, எவருடன் பொது இடங்களில் தோன்றுவது என்பனவற்றை எல்லாம் நிறுவனமே தீர்மானித்தது. நடிகைகளின் உடல் எடையும் அதில் அடக்கம்.

ஜூடியின் குரல் வளர்ந்த பெண்ணின் குரல். உடலோ வளரும் சிறுமியின் உடல். அவர் குள்ளமாகவும் சற்றுப் பருமனாகவும் இருப்பதாக நிறுவனம் கருதியது. உணவகத்தில் அவர் எதைக் கேட்டாலும் கோழிச் சாறு மட்டுமே கொடுக்கப்பட்டதாக அவர் பின்னர் கூறினார். பசியை அடக்க இருந்த மற்றொரு வழி மாத்திரை. ஆம்ஃபெட்டமினுக்குப் பசியை மட்டுப்படுத்தும் தன்மை உண்டு. அதே மாத்திரை களைப்பையும் மறைத்தது என்பது தயாரிப்பாளர்களுக்குக் கூடுதல் வசதியாக அமைந்தது.

1938ஆம் ஆண்டு அக்டோபர் முதல் 1939ஆம் ஆண்டு மார்ச் வரை, விசார்ட் ஆஃப் ஓஸ் படத்தின் படப்பிடிப்பு நடைபெற்றது. அதில் டொரோத்தி என்ற சிறுமியாக நடித்தபோது ஜூடிக்கு வயது 16. சிறு வயதினராகத் தோன்றுவதற்காக அவரது மார்பு இறுக்கிக் கட்டப்பட்டது. அந்தப் படமும் அதில் அவர் பாடிய பாடலும் அவரை உலகப் புகழ்பெறச் செய்தன. இளம் நடிகர்களுக்கான சிறப்பு ஆஸ்கர் விருதும் அவருக்குக் கிடைத்தது.

அதே காலகட்டத்தில் மிக்கி ரூனியுடன் இணைந்து அவர் அடுத்தடுத்து இசைப்படங்களில் நடித்தார். இரவு பகலாக வேலை வாங்கியதாகவும், சோர்ந்து விழும்போது ஊக்க மாத்திரை தந்ததாகவும், பிறகு நிறுவனத்தின் மருத்துவப் பிரிவுக்கு அழைத்துச் சென்று தூக்க மாத்திரை கொடுத்து உறங்கவைத்ததாகவும், சில மணி நேரத்தில் எழுப்பி மீண்டும் ஊக்க மாத்திரை கொடுத்ததாகவும் ஜூடி பிற்காலத்தில் விவரித்தார். ரூனி இதை ஏற்கவில்லை. ஜூடியின் முடிவுக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்று அவர் இறுதிவரை வாதிட்டார்.

யார் முதலில் கொடுத்தார்கள் என்ற சர்ச்சை தீரவில்லை. ஆனால் இருபது வயதை எட்டும் முன்னரே, மாத்திரை இல்லாமல் எழவும் உறங்கவும் முடியாத நிலைக்கு அவர் வந்துவிட்டார் என்பதில் கருத்து வேறுபாடு குறைவு.

புதிய மருந்தும் அதன் வரலாறும்

ஆம்ஃபெட்டமினை 1887ஆம் ஆண்டு பெர்லினில் முதன்முதலாகத் தயாரித்தவர் ருமேனிய வேதியியலாளர் லசார் எடலியானு. மெத்தாம்ஃபெட்டமினை 1893ஆம் ஆண்டு தயாரித்தவர் ஜப்பானிய வேதியியலாளர் நாகாய் நாகயோஷி. இரண்டுமே பல ஆண்டுகள் பயனின்றிக் கிடந்தன. ஆம்ஃபெட்டமின் மனித உடலில் ஏற்படுத்தும் விளைவுகளை 1929ஆம் ஆண்டு தம் உடலிலேயே சோதித்துப் பார்த்தவர் கோர்டன் ஆல்ஸ். அவர் பணியாற்றியது லாஸ் ஏஞ்சலிஸ் நகரில்; அதாவது ஹாலிவுட் அமைந்துள்ள அதே நகரில்.

1930களின் தொடக்கத்தில் மூக்கடைப்புக்கு முகர்ந்து பார்க்கும் மருந்தாக பென்சட்ரின் என்ற பெயரில் ஆம்ஃபெட்டமின் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. சில ஆண்டுகளில் மாத்திரையாகவும் கிடைத்தது. ஜூடி எம்ஜிஎம் நிறுவனத்தில் சேர்ந்து ஓரிரு ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. இது ஆபத்தான பொருள் என்ற எண்ணம் அப்போது மருத்துவர்களிடம்கூடப் பரவலாக இருக்கவில்லை.

போர் இந்த மருந்துகளை மேலும் பரப்பியது. ஜெர்மனியில் 1938ஆம் ஆண்டு பெர்விட்டின் என்ற பெயரில் மெத்தாம்ஃபெட்டமின் அறிமுகமானது. 1940ஆம் ஆண்டில் பிரான்ஸ் மீது படையெடுத்த காலப்பகுதியில் மட்டும் சுமார் 3 கோடியே 50 லட்சம் மாத்திரைகள் ஜெர்மன் படையினருக்காக அனுப்பப்பட்டன. பிரிட்டிஷ், அமெரிக்கப் படைகள் பென்சட்ரினைப் பயன்படுத்தின. ஜப்பானில் ஃபிலோபோன் என்ற பெயரில் விற்கப்பட்ட மெத்தாம்ஃபெட்டமின், போருக்குப் பின்னர் பெரும் சமூகப் பிரச்சினையாக உருவெடுத்தது. 1951ஆம் ஆண்டு அந்நாடு தனிச் சட்டம் இயற்றியது. 1954ஆம் ஆண்டில் மட்டும் 55 ஆயிரத்துக்கும் அதிகமானோர் அச்சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டனர்.

போர்வீரர், தொழிலாளர், பதின்ம வயது நடிகை ஆகிய அனைவரிடமும் இந்த மருந்து எதிர்பார்த்த பயன் ஒன்றே: உடல் நிறுத்து என்று சொல்லும்போதும் வேலை தொடர வேண்டும்.

உடலில் நடப்பது என்ன?

ஆம்ஃபெட்டமின் வகைப் பொருட்கள் மூளையில் டோபமின், நோரட்ரினலின் ஆகிய வேதிப்பொருட்களைப் பெருமளவில் வெளிவரச் செய்கின்றன. இதயத் துடிப்பு கூடுகிறது; பசி மறைகிறது; தன்னம்பிக்கை பெருகுகிறது; உறக்கம் விலகுகிறது. மெத்தாம்ஃபெட்டமின் மூளைக்குள் இன்னும் எளிதாக ஊடுருவுவதால் அதன் விளைவு கூடுதல் வலிமையானது. புகைத்தாலோ ஊசி மூலம் ஏற்றினாலோ அடிமையாகும் வேகமும் அதிகம்.

இம்மருந்து களைப்பை நீக்குவதில்லை, ஒத்திவைக்கிறது. அதன் வேகம் தணியும்போது, ஒத்திவைக்கப்பட்ட களைப்புடன் கடும் மனச்சோர்வும் சேர்ந்து வருகிறது. மருந்தை நிறுத்தியவர் பல மணி நேரம் உறங்குகிறார், கடும் பசியை உணர்கிறார், எதிலும் மகிழ்ச்சி காண முடியாமல் தவிக்கிறார். சிலருக்குத் தற்கொலை எண்ணமும் தோன்றுகிறது. இன்னொரு மாத்திரை இவை அனைத்தையும் போக்கிவிடும் என்பது அவருக்குத் தெரியும். நாளடைவில் அதே விளைவைப் பெறக் கூடுதல் அளவு தேவைப்படுகிறது.

தொடர்ந்து பயன்படுத்துவோரில் சிலருக்கு, எவரோ தம்மைப் பின்தொடர்வதாகவும் தமக்கு எதிராகச் சதி நடப்பதாகவும் தோன்றும் மனநோய் ஏற்படலாம். லண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஃபிலிப் கானல் 1958ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதை ஐயத்துக்கு இடமின்றி எடுத்துக்காட்டியது. அந்த ஆய்வு வெளிவந்தபோது ஜூடி இருபது ஆண்டுகளாக ஊக்க மாத்திரைகளைப் பயன்படுத்திவந்தார்.

ஊக்க மாத்திரையின் விளைவை முறிக்க அவருக்குக் கொடுக்கப்பட்டவை பார்பிட்யூரேட் வகைத் தூக்க மாத்திரைகள். இவற்றிலும் ஒரு பொறி உண்டு. உடல் பழகப் பழக, உறங்குவதற்குத் தேவையான அளவு கூடிக்கொண்டே போகும். ஆனால் உயிரைப் பறிக்கும் அளவு அதே வேகத்தில் கூடுவதில்லை. இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு சுருங்குகிறது.

தடுமாற்றமும் தண்டனையும்

1945ஆம் ஆண்டு இயக்குநர் வின்சென்ட் மினெல்லியை ஜூடி மணந்தார். மறு ஆண்டு மகள் லிசா பிறந்தார். 1947ஆம் ஆண்டு தி பைரேட் என்ற படத்தின் படப்பிடிப்பின்போது ஜூடியின் மனநிலை கடுமையாகப் பாதிக்கப்பட்டது. அவர் தளத்துக்கு வராத நாட்கள் பல. உடன் பணியாற்றுவோர் தமக்கு எதிராக இருப்பதாக அவர் அஞ்சினார். அவ்வாண்டு அவர் முதலில் கலிஃபோர்னியாவிலும், பின்னர் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்டாக்பிரிட்ஜில் உள்ள ஆஸ்டன் ரிக்ஸ் மனநல மையத்திலும் சிகிச்சை பெற்றார். மாத்திரைகள் மட்டுமே இதற்குக் காரணம் என்று கூறிவிட முடியாது. குழந்தைப் பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வு, திருமண வாழ்வின் சிக்கல்கள், பணிச்சுமை ஆகியனவும் ஒன்றுசேர்ந்திருந்தன.

சிகிச்சை குறுகியதாகவே இருந்தது. அடுத்த படம் காத்திருந்தது. 1948ஆம் ஆண்டு ஒரு படத்திலிருந்தும், 1949ஆம் ஆண்டு ஆனி கெட் யுவர் கன் என்ற படத்திலிருந்தும் அவர் நீக்கப்பட்டு, வேறு நடிகைகள் ஒப்பந்தம் செய்யப்பட்டனர். இக்காலத்தில் அவருக்கு மின்னதிர்ச்சி சிகிச்சை அளிக்கப்பட்டதாகவும் வாழ்க்கை வரலாற்றாளர்கள் எழுதியுள்ளனர்.

1949ஆம் ஆண்டு கோடையில் பாஸ்டன் நகரின் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் அவர் சேர்க்கப்பட்டார். மாத்திரைகள் படிப்படியாகக் குறைக்கப்பட்டன. நேரத்துக்கு உணவு, நேரத்துக்கு உறக்கம் என்ற ஒழுங்கு ஏற்பட்டது. அருகில் இருந்த சிறுவர் மருத்துவமனைக்குச் சென்று நோயுற்ற குழந்தைகளுடன் அவர் நேரம் செலவிட்டார். உடல் எடையும் கூடியது. மருத்துவக் கண்ணோட்டத்தில் பார்த்தால் அது குணமடைதலின் அறிகுறி.

படத்தயாரிப்பின் கண்ணோட்டத்தில் அதுவே குறையாகிவிட்டது. சில மாதங்களுக்குள் சம்மர் ஸ்டாக் என்ற படத்தில் நடிக்க அவர் திரும்பினார்; எடையைக் குறைக்க வேண்டிய கட்டாயமும் மாத்திரைகளும் உடன் திரும்பின. அந்தப் படத்தை இன்று பார்ப்பவர்களும் இதை நேரில் காணலாம். பெரும்பாலான காட்சிகளில் அவர் சற்றுப் பூசினாற்போல் இருக்கிறார். பிரதான படப்பிடிப்பு முடிந்து சிறிது காலத்தின் பின்னர் எடுக்கப்பட்ட ஒரு பாடல் காட்சியிலோ மிகவும் மெலிந்து காணப்படுகிறார். வேறொரு படத்துக்காக எடுக்கப்பட்ட காட்சியோ என்று அக்கால இரசிகர்கள் சிலர் ஐயுற்றனர்.

1950ஆம் ஆண்டு மற்றொரு படத்திலிருந்தும் அவர் நீக்கப்பட்டார். சில நாட்களில் அவர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றதாகச் செய்திகள் வெளியாயின. அதே ஆண்டு செப்டம்பரில், 15 ஆண்டு காலத் தொடர்பு முடிவுக்கு வந்து, எம்ஜிஎம் அவரை விடுவித்தது. ஊக்க மாத்திரையின் துணையுடன் அவர் உழைத்த காலத்தில் திறமைசாலி என்று பாராட்டப்பட்டார். அதே மாத்திரை அவரை முடக்கியபோது பொறுப்பற்றவர், முரண்டு பிடிப்பவர் என்ற பெயரே மிஞ்சியது.

மீட்சியும் கடனும்

திரையுலகம் கைவிட்டவரை மேடை ஏற்றுக்கொண்டது. 1951ஆம் ஆண்டு ஏப்ரலில் லண்டன் பல்லேடியம் அரங்கிலும், அக்டோபர் முதல் நியூயார்க்கின் பேலஸ் அரங்கில் 19 வாரங்களும் அவர் பாடினார். 1954ஆம் ஆண்டு வெளிவந்த எ ஸ்டார் இஸ் பார்ன் படத்தில், குடிப்பழக்கத்தால் அழியும் நடிகர் ஒருவரின் மனைவியாக நடித்தார். அன்புக்குரியவர் தன்னையே அழித்துக்கொள்வதைத் தடுக்க முடியாமல் தவிக்கும் மனைவியின் பாத்திரம் அது. நிஜ வாழ்வில் அந்த இடத்தில் நின்றவர்கள் அவரது குடும்பத்தினர். அப்படத்துக்காக ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டாலும் விருது கிடைக்கவில்லை.

1959ஆம் ஆண்டு நவம்பரில் கல்லீரல் அழற்சியால் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் அவர் அனுமதிக்கப்பட்டார். அவர் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்வது கடினம் என்றும் இனிப் பாட முடியாது என்றும் மருத்துவர்கள் தெரிவித்தனர். எனினும் 1961ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் தேதி நியூயார்க்கின் கார்னெகி ஹால் அரங்கில் அவர் நிகழ்த்திய கச்சேரி, அமெரிக்க இசை வரலாற்றில் தனியிடம் பெற்றது. அதன் ஒலிப்பதிவு 13 வாரங்கள் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்புக்கான கிராமி விருதைப் பெற்ற முதல் பெண் என்ற பெருமையும் அவருக்குக் கிடைத்தது.

பல மாதங்கள் கட்டாய ஓய்வில் இருந்த பின்னரே அந்த வெற்றி வந்தது என்பது கவனிக்கத்தக்கது. ஆனால் ஓய்வைத் தொடர அவரால் இயலவில்லை. வருமான வரி பாக்கியும் கடனும் பெருகியிருந்தன. மூன்று பிள்ளைகள் அவரை நம்பியிருந்தனர். 1963ஆம் ஆண்டு தொடங்கிய தொலைக்காட்சித் தொடர் 26 நிகழ்ச்சிகளுடன் நிறுத்தப்பட்டது. 1964ஆம் ஆண்டு மே மாதம் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் தாமதமாக மேடையேறிய அவரை, இரசிகர்கள் கூச்சலிட்டு விரட்டினர். 1967ஆம் ஆண்டு வேலி ஆஃப் த டால்ஸ் என்ற படத்தில் நடிக்கத் தொடங்கி அதிலிருந்தும் நீக்கப்பட்டார். கலையுலகப் பெண்கள் மாத்திரைகளுக்கு அடிமையாவதைச் சித்தரிக்கும் படம் அது. அதன் கதாபாத்திரங்களில் ஒன்று ஜூடியின் வாழ்க்கையைத் தழுவியது என்று பரவலாக நம்பப்படுகிறது.

லண்டனில் இறுதி மாதங்கள்

1968ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில், லண்டனின் டாக் ஆஃப் த டவுன் அரங்கில் ஐந்து வார நிகழ்ச்சிகளை அவர் தொடங்கினார். நலிந்த உடலுடன், பல இரவுகள் தாமதமாகவே மேடையேறினார். 1969ஆம் ஆண்டு மார்ச் மாதம் லண்டன் செல்சி பதிவாளர் அலுவலகத்தில் ஐந்தாவது முறையாக மணம் புரிந்துகொண்டார். அதே மாத இறுதியில் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் அவர் பாடியதே கடைசிக் கச்சேரி.

அந்த நேரத்தில் பிரிட்டனின் பார்வையும் மாறத் தொடங்கியிருந்தது. ஊசி மூலம் மெத்தாம்ஃபெட்டமின் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் லண்டன் இளைஞர்களிடையே பரவியதை அடுத்து, 1968ஆம் ஆண்டு அந்த ஊசி மருந்து சில்லறை மருந்துக் கடைகளிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. ஆம்ஃபெட்டமின் வகைப் பொருட்களைச் சர்வதேசக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்த ஐ.நா. உடன்படிக்கை 1971ஆம் ஆண்டுதான் உருவானது. ஜூடி அதுவரை வாழவில்லை.

1969ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் தேதி காலை, தமது வாடகை வீட்டின் குளியலறையில் அவர் இறந்து கிடந்தார். 47ஆவது பிறந்தநாள் முடிந்து 12 நாட்களே ஆகியிருந்தன. இது தற்கொலை அல்ல, விபத்தே என்று மரண விசாரணை அதிகாரி தீர்மானித்தார். நீண்டகாலமாகப் பார்பிட்யூரேட் மருந்துக்குப் பழகியிருந்த ஒருவர், தாங்கக்கூடிய அளவை மீறி உட்கொண்டுவிட்டார் என்பதே அவரது முடிவு. உறங்கும் அளவுக்கும் இறக்கும் அளவுக்கும் இடையிலான இடைவெளி இறுதியில் இல்லாமற்போனது. நியூயார்க்கில் அவரது உடலுக்கு அஞ்சலி செலுத்த சுமார் 20 ஆயிரம் பேர் திரண்டனர்.

சிகிச்சை: அன்றும் இன்றும்

ஜூடி கார்லண்டுக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை என்று கூற முடியாது. மனநல ஆலோசனை, மருத்துவமனை ஓய்வு, மின்னதிர்ச்சி என அக்காலத்தில் இருந்தவை எல்லாம் கிடைத்தன. ஆனால் அவை அவரை மீண்டும் வேலைக்கு அனுப்புவதற்கான சிகிச்சைகளாகவே இருந்தன. மருத்துவமனையை விட்டு வெளியேறியதும், எந்தச் சூழல் அவரை மாத்திரைகளுக்குப் பழக்கியதோ அதே சூழலுக்கு அவர் திரும்பினார்.

மெத்தாம்ஃபெட்டமின் போதையிலிருந்து மீட்கும் மருந்து எதற்கும் அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதுவரை ஒப்புதல் வழங்கவில்லை. நால்ட்ரெக்சோன், புப்ரோபியோன் ஆகிய இரு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து நடத்தப்பட்ட ஒரு பெரிய ஆய்வின் முடிவுகள் 2021ஆம் ஆண்டு வெளியாயின. மருந்து பெற்றவர்களில் 13.6 விழுக்காட்டினரிடமும், பெறாதவர்களில் 2.5 விழுக்காட்டினரிடமும் முன்னேற்றம் காணப்பட்டது. நம்பிக்கை தரும் முடிவு என்றாலும், பெரும்பாலானோருக்கு இந்த மருந்துகள் மட்டும் போதவில்லை என்பதையும் இந்த எண்கள் உணர்த்துகின்றன.

இன்று வலுவான ஆதாரம் இருப்பது நடத்தை சார்ந்த சிகிச்சைகளுக்கே. சிறுநீர்ப் பரிசோதனையில் போதைப்பொருள் இல்லை என்று உறுதியாகும் ஒவ்வொரு முறையும் சிறு பரிசோ பற்றுச்சீட்டோ வழங்கும் முறை அவற்றுள் முதன்மையானது. தொலைவில் உள்ள நலனைவிட உடனடிப் பலனையே நாடுமாறு பழகிவிட்ட மூளைக்கு, போதையின்றி இருப்பதற்கும் உடனடிப் பலன் உண்டு என்று காட்டுவதே இதன் அடிப்படை. போதையைத் தூண்டும் சூழல்களை இனங்கண்டு சமாளிக்கக் கற்றுத்தரும் ஆலோசனை, குடும்பத்தினருக்கான வழிகாட்டல், மீண்டவர்களின் குழுக்கள் ஆகியனவும் பயன் தருகின்றன. ஜூடி பணியாற்றிய கலிஃபோர்னியா மாநிலமே, 2023ஆம் ஆண்டு முதல் இந்தப் பரிசு முறையை ஏழைகளுக்கான அரச மருத்துவக் காப்பீட்டின் கீழ் வழங்கத் தொடங்கியது.

சிகிச்சைக்குக் காலமும் தேவை. மெத்தாம்ஃபெட்டமினைக் கைவிட்டவர்களின் மூளையைப் படம்பிடித்து ஆராய்ந்தபோது, டோபமின் செயற்பாட்டில் ஏற்பட்ட சேதத்தின் ஒரு பகுதி ஓராண்டுக்கும் மேற்பட்ட விலகலுக்குப் பின்னர் சீரடைவது தெரியவந்தது. மூளை மீள்கிறது, ஆனால் வாரக்கணக்கில் அல்ல. இடையில் ஒருவர் மீண்டும் போதைக்குத் திரும்புவது ஒழுக்கக்கேடு அல்ல, நோயின் இயல்பு என்றே மருத்துவர்கள் கருதுகின்றனர். ஜூடிக்கு 1949இல் பாஸ்டனில் கிடைத்தது ஒரு கோடைக்காலம் மட்டுமே.

அவரது மகள் லிசா மினெல்லியும் புகழ்பெற்ற பாடகியாகவும் நடிகையாகவும் விளங்கினார். அவரும் மருந்துகளுக்கும் மதுவுக்கும் அடிமையானார். 1984ஆம் ஆண்டு, கலிஃபோர்னியாவில் உள்ள பெட்டி ஃபோர்ட் மையத்தில் அவர் சிகிச்சைக்குச் சேர்ந்தார். தமது போதைப் பழக்கத்தை வெளிப்படையாக ஒப்புக்கொண்ட முன்னாள் அமெரிக்க அதிபரின் மனைவி பெட்டி ஃபோர்ட், 1982ஆம் ஆண்டு இணைந்து நிறுவிய மையம் அது. லிசாவுக்குப் பின்னரும் பல முறை சறுக்கல்கள் நேர்ந்தன. பல முறை சிகிச்சைக்குத் திரும்பினார். ஆனால் தாயின் வயதைக் கடந்து பல பத்தாண்டுகள் வாழ்ந்தார். தாய்க்கும் மகளுக்கும் இடையில் மாறியது மன உறுதி அல்ல. போதைக்கு அடிமையாவதை நோயாகப் பார்க்கும் இடமும், அதற்கு நேரம் ஒதுக்க முடியும் என்ற நிலையும் இடைப்பட்ட காலத்தில் உருவாகியிருந்தன.

உழைப்பைப் பெருக்கும் மருந்து என்ற கவர்ச்சி ஹாலிவுட்டுடன் முடிந்துவிடவில்லை. தாய்லாந்தில் மெத்தாம்ஃபெட்டமின் கலந்த மாத்திரைகள், நெடுந்தூர லாரி ஓட்டுநர்களிடமும் கூலித் தொழிலாளர்களிடமும் பரவியபோது, குதிரை மருந்து என்ற பொருள்படும் பெயராலேயே அழைக்கப்பட்டன. பின்னர் 1990களில் அந்நாட்டு அரசு, பைத்திய மருந்து என்று பொருள்படும் யாபா என்ற பெயரைப் பரப்பியது. முதற்பெயர் அந்த மருந்தை மக்கள் ஏன் நாடினார்கள் என்பதைச் சொல்கிறது. இரண்டாவது பெயர் அது அவர்களை எங்கே கொண்டுசென்றது என்பதைச் சொல்கிறது.

இன்று ஐஸ் பழக்கத்தால் பாதிக்கப்படும் இளைஞர்களைப் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் கைது, தண்டனை, அவமானம் என்பனவற்றைச் சுற்றியே அமைகின்றன. விநியோகத்தைத் தடுப்பது அவசியம் என்பதில் ஐயமில்லை. ஆனால் 13 வயதுச் சிறுமி ஒருத்தி தான் தேடிச் செல்லாத மருந்துக்கு அடிமையாகி, அதைக் கைவிட முயன்ற ஒவ்வொரு முறையும் வேலைக்குத் திரும்புமாறு அழைக்கப்பட்ட வரலாறு, வேறொரு கேள்வியையும் எழுப்புகிறது. பாதிக்கப்பட்டவர் மீள்வதற்குத் தேவையான காலத்தை அவரது குடும்பமும் தொழிலும் சமூகமும் அவருக்குத் தரத் தயாராக உள்ளனவா என்பதே அக்கேள்வி.